கழற்ற முடியாத ஒன்றுக்கு விதி எழுதுதல்: வேலூர் ஆட்டக் குழு ஒன்றில் மந்திரப் பச்சை

பின்னணி

சத்துவாச்சாரியில் ஒரு வீட்டு மாடி. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் ஆறு பேர் கூடி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான். மற்ற ஐந்து பேரில் ஒருவர் காட்பாடியில் செல்போன் கடை வைத்திருக்கிறார், அவர் ஆடுவது போர்வீரன். பள்ளியில் வரலாறு நடத்தும் ஆசிரியர் மந்திரவாதியாக ஆடுகிறார். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவருக்குப் பூசாரி, வங்கி ஊழியருக்குப் பாணன், கல்லூரி மாணவி ஒருவருக்குத் திருடி. பெயர்கள் இங்கே தேவையில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒவ்வொருவரும் ஒரு கேரக்டரை எடுத்துக்கொண்டு அது என்ன செய்கிறது என்று வாயால் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்ற இடத்தில் இருபது முக டைஸை உருட்டுவோம். 1974ல் முதலில் வெளிவந்த இந்த ஆட்டத்தில் நாங்கள் பயன்படுத்துவது 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பு. இந்தப் பதிப்பில் ஒரு கூட்டல் புள்ளி என்பது சரியாக 5 சதவீத வாய்ப்பு. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கணக்குகள் புரியும்.

எங்கள் கதை நடப்பது அகழி சூழ்ந்த ஒரு கோட்டை நகரத்தில். வேலூர்க்காரர்களுக்கு அதற்கு மேல் வர்ணனை வேண்டாம். அந்த உலகத்தில் மந்திரச் சக்தி உள்ள பச்சை, அதாவது உடம்பில் குத்திக்கொள்ளும் டாட்டூ, வேண்டும் என்று முதலில் கேட்டவர் செல்போன் கடைக்காரர். எல்லாருக்கும் பிடித்திருந்தது. அதற்கு விதி எழுதும் வேலை எனக்கு வந்தது. எழுதி முடிக்க மூன்று முறை தேவைப்பட்டது.

2020ல் வந்த துணைநூல் ஒன்றில் மந்திர டாட்டூவுக்கு அதிகாரபூர்வ விதி உண்டு. அதில் டாட்டூ ஒரு மந்திர ஊசியாகக் கையில் கிடைக்கும். தோலில் அழுத்தினால் அந்த ஆளோடு பிணைந்து சித்திரமாக மாறும். அந்தப் பிணைப்பை முறித்துக்கொண்டால் சித்திரம் மறைந்து ஊசி திரும்பக் கைக்கு வந்துவிடும். ஒரு கேரக்டர் ஒரே நேரத்தில் மூன்று மந்திரப் பொருள்களோடுதான் பிணைந்திருக்கலாம் என்ற பொது வரம்பு இதற்கும் பொருந்தும். ஆட்டச் சமநிலைக்கு அது நல்ல விதிதான். ஆனால் படித்ததும் எனக்கு ஒன்று உறுத்தியது. கழற்றி எடுத்து வேறொருவரிடம் கொடுக்க முடிகிற பச்சை எப்படிப் பச்சையாகும்? மோதிரத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அதனால் சொந்தமாக எழுத முடிவு செய்தேன்.

முதல் விதி

உடம்பை எட்டு இடங்களாகப் பிரித்தேன். ஓர் இடத்தில் ஒரு பச்சை, விலை 200 பொற்காசு. குத்தியது நிரந்தரம், மூன்று பொருள் வரம்பில் சேராது. ஒவ்வொரு பச்சையும் ஏதாவது ஓர் எண்ணில் ஒன்றைக் கூட்டும்.

நான்காவது செஷனுக்குள் இது உடைந்தது. போர்வீரனுக்கு இரும்புச் சங்கிலிக் கவசத்தால் 16, கேடயத்தால் 2, ஆக 18 காப்பு எண் ஏற்கெனவே இருந்தது. எதிரி டைஸில் விழுந்ததோடு தன் தாக்கும் எண்ணைக் கூட்டி இந்தக் காப்பு எண்ணை எட்டினால்தான் அடி விழும். அவர் கையில் கிடைத்த 800 காசையும் போட்டு நான்கு பச்சை குத்திக்கொண்டார். காப்பு 22 ஆனது. தாக்கும் எண் 4 உள்ள கோப்ளின் என்ற குட்டிப் பூதம் அவரை அடிக்க முன்பு 35 சதவீத வாய்ப்பு இருந்தது, இப்போது 15. கோப்ளின்கள் அவரைச் சுற்றி நின்று காற்றை வெட்டிக்கொண்டிருந்தன. மற்ற நால்வரும் வேடிக்கை பார்த்தார்கள்.

அவருக்கும் கொஞ்சம் சவால் இருக்கட்டும் என்று அடுத்த வாரம் ஓகர் என்ற அரக்கனை இறக்கினேன். இங்கேதான் பெரிய தவறு செய்தேன். ஓகரின் தாக்கும் எண் 6. போர்வீரனை அடிக்க அதற்கு 25 சதவீதம் வாய்ப்பு, காப்பு 13 உள்ள மந்திரவாதியை அடிக்க 70 சதவீதம். ஓர் அடிக்குச் சராசரி 13 சேதம். மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி 17. இரண்டே அடியில் ஆசிரியரின் கேரக்டர் செத்தது. ஒருவருக்காக எதிரியைப் பெரிதாக்கியதன் விலையை இன்னொருவர் கொடுத்தார்.

நான்கு பச்சையையும் திரும்பப் பெற வேண்டும் என்று நான் சொன்னபோது கடைக்காரர், "அண்ணா, நீங்க எழுதின விதியத்தானே நான் படிச்சேன்?" என்றார். அவர் சொன்னது நியாயம். குற்றம் விதியில் இருந்தது, ஆடியவரிடம் இல்லை. காசு முழுவதையும் திருப்பிக் கொடுத்தேன். கதையில், அது கள்ளச் சாயம், வெயிலில் வெளுத்துவிட்டது என்று வைத்துக்கொண்டோம். மந்திரவாதி செத்தது செத்ததாகவே இருந்தது. ஆசிரியர் புதுக் கேரக்டர் எழுதினார்.

இரண்டாம் விதியும் ஏழாவது செஷனும்

இரண்டாம் விதியில் கூட்டல் புள்ளிகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பச்சைக்கும் நான்கு முறை பயன்படுத்தும் அளவு சாயம் என்று வைத்தேன். ஐந்து பேர், ஆளுக்கு மூன்று பச்சை, ஒவ்வொன்றிலும் நான்கு: மேசைமேல் அறுபது புள்ளிகளைக் கணக்கு வைக்க வேண்டியிருந்தது. இரண்டே வாரத்தில் யாரும் கணக்கு வைக்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அதே விதியில் நான் சேர்த்த இன்னொரு வரிதான் முக்கியம். பச்சை நிரந்தரம் என்றால், பச்சை உள்ள எதிரியைக் கொன்றால் என்ன கிடைக்கும் என்று கேட்டார்கள். வென்றவனுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் பழக்கம். யோசிக்காமல் எழுதினேன்: தோலோடு எடுத்துப் பதப்படுத்தினால் சக்தி இருக்கும்.

ஏழாவது செஷனில் கோட்டைக் காவலாளி ஒருத்தியைக் கொன்றார்கள். அவள் முன்கையில் பச்சை இருந்தது. "உரிச்சு எடுத்துக்கலாமா?" என்று ஒருவர் கேட்டார். விதி இருக்கிறது, ஆமாம் என்றேன். டைஸ் உருண்டது. எந்தக் கத்தி, எவ்வளவு நேரம் என்று பேச்சு போனது. மாணவி தன் டைஸ்களை ஒவ்வொன்றாகச் சுருக்குப் பையில் போட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினார். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மேசையில் இருந்த யாருக்கும் அப்போது அது உறைக்கவில்லை. எனக்கும்தான்.

மறுநாள் போன் செய்தேன். "எங்க ஆயா கையில பச்சை இருக்குதுண்ணா. நேத்து எனக்கு அந்தக் கைதான் கண்ணுக்குள்ள வந்துது," என்றார்.

ஆயாவின் கை

அணைக்கட்டுப் பக்கம் உள்ள அவர்கள் ஊருக்கு நானும் நர்ஸும் மாணவியோடு போனோம். விதியைத் திருத்தும் முன் அந்தக் கையைப் பார்க்க வேண்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன்.

ஆயா திண்ணையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார். வலது முன்கையில் ஒரு தேள், அதன் வால் மணிக்கட்டுப் பக்கம் வளைந்திருந்தது. கோடுகள் கறுப்பாக இல்லை. பச்சையும் நீலமும் கலந்து, ஓரம் கசிந்து, பழைய நோட்டில் தண்ணீர் பட்ட மை மாதிரி இருந்தன. இடது கையில் புள்ளி வைத்துச் சுற்றிய சிக்குக் கோலம். உற்றுப் பார்த்தால் ஒரு மூலையில் கோடு சேராமல் நின்றிருந்தது. மூன்று புள்ளிகள் சும்மா இருந்தன.

ஆயா அதைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஊசி நாலு சேத்து நூல்ல சுத்தி வெச்சிருப்பா அந்தம்மா. பாடினே குத்துவா. பாட்டு முடியறதுக்குள்ள வலி போயிரும்னு சொல்லுவா. எனக்குத் தாங்கல, பாதியில எழுந்து ஓடிட்டேன். மறுவருஷம் வந்து முடிச்சுத் தரேன்னா. அப்புறம் வரவேயில்ல."

குறவர் சமூகத்துப் பெண்கள் வீடு வீடாக வந்து பச்சை குத்திய காலம் அது. கூலி அரிசி, வெற்றிலை, பழைய புடவை. மை எப்படிச் செய்தார்கள் என்றும் ஆயாவுக்கு நினைவிருந்தது. அகத்திக்கீரையையும் மஞ்சளையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே புதுச் சட்டியைக் கவிழ்ப்பார்கள். சட்டியில் படிந்த கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை.

கிளம்பும்போது ஆயா சொன்னதுதான் என் விதியை மாற்றியது. "சாவும்போது தோடு, மூக்குத்தி எல்லாம் கழட்டிருவாங்க கண்ணு. இது ஒண்ணுதான் கூட வரும்."

பஸ்ஸில் திரும்பும்போது அது ஏன் அழியாது என்று நர்ஸ் விளக்கினார். மேல்தோல் ஏறக்குறைய மாதம் ஒருமுறை உதிர்ந்து புதிதாகிவிடும். ஊசி மையை அதற்குக் கீழுள்ள அடுக்கில் விடுகிறது. அங்குள்ள செல்கள் அதை விழுங்கிப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஒரே ஊசியைப் பலருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவும் என்றும் சொன்னார். எங்கள் உலகத்தில் ஊசி ஒரு ஆளுக்கு மட்டும், பிறகு மண்ணில் புதைக்கப்படும் என்ற விதி அவர் கொடுத்தது.

மூன்றாம் விதி: எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, பச்சையை யாரும் எடுக்க முடியாது. கொன்றாலும் உரித்தாலும் சக்தி இல்லை, அது செத்தவரோடு போகும். இந்த வரியை எழுதியதும் மேசையில் தோல் பேச்சே நின்றது. லாபம் இல்லாத கொடுமையை ஆட்டக்காரர்கள் தேடிப் போவதில்லை. இதை விதியிலேயே சரிசெய்ய முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆனால் விதியை மட்டும் மாற்றினால் போதாது என்பதால், அடுத்த ஞாயிறு ஆட்டம் தொடங்கும் முன் மாணவியிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். கத்தியைப் பற்றிப் பேசியவர்களும் கேட்டார்கள்.

இரண்டாவது, பச்சை எந்த எண்ணையும் கூட்டாது. ஒரு நாள் தூக்கத்துக்கும் அடுத்த நாள் தூக்கத்துக்கும் இடையே ஒரே ஒரு முறை ஒரு காரியம் செய்யும். அதன் விலையையும் பச்சை இருக்கும் அதே உறுப்பு கொடுக்கும். முன்கைத் தேள் விஷத்தை உறிஞ்சும், ஆனால் மறுநாள் விடியும்வரை அந்தக் கை மரத்துப் போகும், கேடயம் பிடிக்க முடியாது. கண்ணருகே உள்ள புள்ளிகள் இருட்டில் பார்வை தரும், மறுநாள் வெயிலில் கண் கூசும். இப்படி வைத்ததால் கணக்குத் தாள் தேவைப்படவில்லை. எந்தக் கை மரத்திருக்கிறது என்பது எல்லாருக்கும் நினைவில் நின்றது.

எத்தனை பச்சை என்பதற்கு ஆட்டத்திலேயே உள்ள தேர்ச்சி எண்ணை எடுத்துக்கொண்டேன். அது முதல் லெவலில் 2, பதினேழாம் லெவலில் 6. அதாவது ஆள் வளர வளர இடம் திறக்கும்.

மூன்றாவது முடிவில்தான் அதிகம் யோசித்தேன். முதல் விதியில் காசு கொடுத்தால் பச்சை கிடைத்தது, குத்தும் ஆளுக்கு முகமே இல்லை. இப்போது குத்துபவருக்கு ஒரு வரம்பு வைத்தேன்: உயிரோடு இருக்கும் ஏழு பேரைத்தான் ஒருவர் தாங்க முடியும். குத்தப்பட்டவர் பச்சையைப் பயன்படுத்தும்போதெல்லாம் குத்தியவருக்கு அது தெரியும். கூலியை அவரே சொல்வார், அது காசாக இருக்காது.

நான்காவது, உட்காருதல். ஒரு பச்சைக்கு மூன்று நாள். ஒவ்வொரு நாளும் வலியைத் தாங்க ஓர் உருட்டு: 10, 12, 14 எட்ட வேண்டும். உருட்டோடு கூட்டும் உடல் உறுதி எண் 2 உள்ளவருக்கு முறையே 65, 55, 45 சதவீதம். மூன்றும் தொடர்ந்து வெல்ல 16 சதவீதம்தான். தோற்றால் பச்சை இல்லை என்று வைத்திருந்தால் யாரும் உட்காரவே மாட்டார்கள். அதனால் தோற்றவருக்கு ஒரு தேர்வு கொடுத்தேன்: ஒரு படி களைப்பை ஏற்றுக்கொண்டு தொடரலாம், அல்லது எழுந்து போகலாம்.

யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பாடினால் இரண்டு டைஸ் உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். அப்போது மூன்றும் வெல்லும் வாய்ப்பு 16லிருந்து 49 சதவீதமாக ஏறுகிறது. ஆயா சொன்ன பாட்டுக்கு விதியில் கிடைத்த இடம் இது. இந்த எண் வந்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

எழுந்து போனவரின் முடியாத பச்சையும் சக்தி உள்ளதுதான். ஆனால் அவர் நினைக்கும்போது வேலை செய்யாது. அவர் டைஸில் 1 விழும்போது தானாக விழிக்கும்.

ஐந்தாவது முடிவு ஆசிரியரிடமிருந்து வந்தது. கோட்டை அரசன் கைதிகளுக்குக் கட்டாயப் பச்சை குத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் இரண்டு விஷயங்களை நினைவூட்டினார். கம்பெனி ஆட்சிக் காலத்தில் வங்காளத்தில் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சையாகக் குத்தும் தண்டனை இருந்தது, 1849ல்தான் அது நின்றது. இன்னொன்று நம் ஊரிலேயே நடந்தது. 1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக்கின் உத்தரவு: சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, புது மாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும். அந்தத் தலைப்பாகையில் தோல் இருந்தது. அதிலிருந்து கிளம்பிய கோபம் 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டைக்குள் வெடித்தது. மக்கான் அருகே நினைவுத் தூணை நாங்கள் தினமும் கடந்துதான் போகிறோம்.

உடம்பில் என்ன இருக்கலாம் என்று இன்னொருவன் உத்தரவிடுவதன் கனத்தை அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. விருப்பமில்லாமல் குத்தியது வெறும் அடையாளம், அதில் மந்திரம் இல்லை என்று எழுதினோம். அந்த ஆளே விரும்பி வந்து உட்கார்ந்தால், குத்துபவர் அதே கோடுகளை நீட்டி வேறு சித்திரமாக மாற்றலாம். அப்போது சக்தி வரும்.

பிறகு நடந்தது

அவர்கள் கண்டுபிடித்த முதல் குத்துபவர் ஏற்கெனவே ஆறு பேரைத் தாங்கிக்கொண்டிருந்தார். இடம் ஒன்று, ஆள்கள் ஐந்து. யாருக்கு என்று நாற்பது நிமிடம் பேசினார்கள், அந்த நேரத்தில் நான் வாய் திறக்கவில்லை. முன்பு 800 காசைப் போட்ட கடைக்காரர்தான் முதலில், "பூசாரிக்குக் குடுங்க, அவங்க விழுந்தா நாம எல்லாரும் காலி," என்றார். நர்ஸின் பூசாரி உட்கார்ந்தார். சண்டைகளில் தனக்கு வேலையே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்த பாணன் மூன்று நாளும் பக்கத்தில் இருந்து பாடினார். இரண்டாம் நாள் ஒரு டைஸ் 4, மற்றது 15. பாட்டு இல்லாமல் இருந்திருந்தால் அன்று தோல்வி.

அடுத்த பன்னிரண்டு செஷன்களில் மொத்தம் நான்கு பச்சைகள் குத்தப்பட்டன. போர்வீரனின் காப்பு எண் இன்றும் 18. மாணவியின் திருடி மூன்றாம் நாள் உருட்டில் வென்றும், "எழுந்துடறேண்ணா," என்றார். விதிப்படி வென்றவர் எழத் தேவையில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கோலத்தில் மூன்று புள்ளிகள் சும்மா இருக்கின்றன என்று அவரே கேரக்டர் தாளில் வரைந்துகொண்டார். இரண்டு வாரம் கழித்து அகழியைக் கடக்கும்போது அவருக்கு 1 விழுந்து பச்சை விழித்தபோது மாடியே அதிரக் கத்தினோம். கீழ்வீட்டிலிருந்து வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

பதினெட்டாவது செஷனில் ஆசிரியரின் புதுக் கேரக்டர், நெற்றியில் கைதிக் குறி உள்ள ஒருவன், அந்தக் குறியை மயிலாக மாற்றிக்கொண்டான். கதையில் இதுவரை அதைவிடப் பெரிய சண்டைகள் நடந்திருக்கின்றன. அந்த மாலை அளவுக்கு மேசை அமைதியாக இருந்ததில்லை.

குறையும் உண்டு. விலை கொடுக்க வேண்டியிருப்பதால் சிலர் பச்சையைப் பயன்படுத்தத் தயங்கி, கடைசிச் சண்டைக்கென்று சேர்த்து வைத்தார்கள். கண் கூசும் விலை, பாதாள அறைகளிலேயே நடந்த மூன்று செஷன்களில் விலையாகவே இல்லை. அதை இன்னும் சரியாக்கவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

எண் மாறும் எந்த விதியையும் மேசைக்குக் கொண்டுவரும் முன் தாளில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பத்து நிமிட வேலை. 22க்கு எதிராக 4 என்ன ஆகும் என்று முதல் நாளே எழுதியிருந்தால் ஒரு கேரக்டர் சாகாமல் இருந்திருக்கும்.

உடம்பைத் தொடும் எதையும், வெட்டுவதோ குத்துவதோ அடையாளமிடுவதோ, ஆட்டத்தில் கொண்டுவரும் முன் ஐந்து பேரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எல்லார் முன்னாலும் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வராது. இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

குத்துபவர்களை இதுவரை நானே ஆடிவந்தேன். கூலி என்ன, யாருக்குக் குத்துவது, யாரை மறுப்பது என்ற முடிவெல்லாம் என்னிடமே இருந்தது, அது சரியில்லை. அடுத்த கதையில் குத்துபவரை ஓர் ஆட்டக்காரரே ஆடப்போகிறார். மாணவி கேட்டு வாங்கிக்கொண்டார். உட்காருபவருக்குப் பாட அந்தப் பழைய பாட்டில் நினைவிருக்கும் வரிகளை ஆயாவிடம் எழுதி வாங்க, இந்த சனிக்கிழமை ஊருக்குப் போகிறார்.